அண்ணனுக்கு வந்த மாட்டுக் காய்ச்சல்

"வீட்டுல மாடு இருக்கா?" என்று அந்த டொக்டர் அம்மா கேட்டபோது, அவர் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டு. ஜன்னலோரக் கட்டிலில் என் அண்ணன் ஆரோக்கியம் சுருண்டு கிடந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. மலையிலிருந்து இறங்கிவந்த எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அண்ணனோ கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்தியிருந்தார். அப்போதெல்லாம் அவருடைய வியர்வைக்கு ஒரு வாடை இருந்தது. ஈரப் புல்லைச் சாக்கில் கட்டி மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அது.

டொக்டர் அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லி, திரையை இழுத்துவிட்டு, அண்ணனைச் சோதித்து முடித்திருந்தார். அவர் சிங்களக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார். என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டபோது அவர் முகத்தில் கோபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. அண்ணன்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதன் பிறகு வந்தது அந்தக் கேள்வி.

நாலு மாடு இருக்கிறது என்று நான் சொன்னேன்.

"அதுல ஏதாவது குட்டி செத்துப் பொறந்துச்சா?"

அண்ணனின் முதுகு அசைந்தது. சுவரைப் பார்த்துக் கிடந்தவர் மெதுவாகத் திரும்பி, அந்த அம்மாவை முதல்தடவையாக நேராகப் பார்த்தார்.

அண்ணன் கொடுத்த அனுமதி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கல்யாண கேக் கதையைப் படித்துவிட்டு, டிக்கோயா சந்தியில் ஒருவர் என் ஆட்டோவை மறித்தார். "நீங்க சிரிப்புக் கதை மட்டும்தான் எழுதுவீங்களா?" என்று கேட்டார். அவருக்கான பதில் இந்த வாரம்.

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். எழுது, ஆனால் பெயரை மட்டும் மாற்றாதே, மாற்றினால் சனங்கள் வேறு எவனையோ நினைத்துக்கொள்வார்கள் என்றார். அதனால் அவர் ஆரோக்கியம்தான். அண்ணி ரெஜினாதான்.

நானும் அண்ணனும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். நடுவில் ஒரு சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும், நான் அடுப்பு ஊதினால் அவருக்குப் புகையும். அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அண்ணி கொழுந்து பறிக்கிறார். ஒரே மகள் கொழும்பில் தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்தால் அண்ணனுக்கும் அண்ணிக்கும் மாடுதான் உலகம்.

இவ்வளவு நெருக்கத்தில் இருந்துகொண்டுதான் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போனது.

சீமாட்டி வந்தாள்

கடைகளில் பால்மா கிடைக்காமல் சனங்கள் வரிசையில் நின்ற காலம் ஒன்று வந்து போனதல்லவா, அப்போது எங்கள் லயத்தில் அண்ணனுடைய மதிப்பு கூடிவிட்டது. பசுப்பாலுக்குக் காலையிலேயே போத்தலோடு ஆட்கள் வந்து நின்றார்கள். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அண்ணி முதலில் ஊற்றுவார். அந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்கள் பசுப்பாலை விடவில்லை. இருந்த மூன்று மாடு போதாமல், நாலாவதாக ஒன்று வந்தது.

திம்புள்ளப் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கியது. கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும். அப்போதே சினை. லொறியிலிருந்து இறங்கியதும் தலையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே பட்டிக்குள் நடந்துபோனது. அந்த நடையைப் பார்த்து அண்ணன் 'சீமாட்டி' என்று பெயர் வைத்தார். அதை விற்றவர் எதையாவது மறைத்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் அண்ணன் இன்றுவரை சொல்கிறார். பார்த்தால் தெரிகிற வியாதி இல்லை அது. கண் பளபளவென்று இருந்தது, மயிர் மினுங்கியது, தின்ன மறுத்ததே இல்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கறக்கும்போதே கொஞ்சம் பாலைக் கோப்பையில் பிடித்து, நுரை அடங்குவதற்குள் குடித்துவிடுவார். இளவயதிலிருந்தே அப்படித்தான். மாட்டுச் சூடு உடம்புக்கு நல்லது என்பார். நானும் எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். இடையில் வயிற்றுப் புண் வந்து டொக்டர் பாலை நிறுத்தச் சொன்னதால் நிறுத்தினேன். அந்த வயிற்றுப் புண்ணுக்கு நான் இப்போது நன்றி சொல்கிறேன்.

மாதம் முடியாத கன்று

அன்றைக்குத் தூறலும் மூட்டமும். பொகவந்தலாவைக்கு ஒருவரை இறக்கிவிட்டுப் பகலில் வீட்டுக்குத் திரும்பினேன். பட்டிப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

சீமாட்டி கன்று வீசியிருந்தது. இன்னும் இரண்டு மாதமாவது வயிற்றில் இருந்திருக்க வேண்டிய கன்று. மயிர் முளைத்தும் முளைக்காமலும், நனைந்த துணிபோலச் சாணத்தின் மேல் கிடந்தது. தாயின் பின்புறம் நஞ்சுக்கொடி பாதி தொங்கியது. மீதி வரவில்லை. அண்ணி மாட்டின் வாலைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் முழங்கைவரை கையை உள்ளே விட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தார்.

மானாப்புல் அறுத்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புல் பிளேடுபோல் கையைக் கிழிக்கும். காலையில் அண்ணன் புல் அறுத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு கையிலும் சிவப்புக் கோடுகள். அண்ணியின் விரல் நுனிகளோ கொழுந்து பறித்துப் பறித்து எப்போதும் வெடித்திருக்கும். அந்தக் கைகளோடுதான் இரண்டு பேரும் அந்த வேலையைச் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கொடி வந்துவிட்டது. அண்ணன் கன்றைக் கையில் தூக்கிப்போய் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் புதைத்தார். அண்ணி பட்டியைக் கழுவிவிட்டு, அவருடைய சாரத்தை, லயத்தார் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் கசக்கிப் போட்டார். பாவம், முதல் கன்று, அடுத்ததில் சரியாகிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். மாடு பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னோம்.

வந்து போகும் காய்ச்சல்

அதற்குப் பிறகு எத்தனை வாரம் கழித்து என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

அது படுக்கையில் போடுகிற காய்ச்சல் இல்லை. காலையில் இருக்காது. அவர் வேலைக்குப் போவார். பொழுது சாயும்போது குளிர் எடுக்கும், பல் கிட்டும், பிறகு வியர்த்துக் கொட்டும். ஒரு வாரம் அப்படி. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. சரியாகிவிட்டது என்று தலைக்குக் குளித்தால் மறுபடி வந்துவிடும். இடுப்பும் முதுகும் வலிக்கிறது என்றார். மூட்டை தூக்கிய வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தோட்டத்து மருந்துக்கடையில் பனடோல் வாங்கினோம். பிறகு டவுனில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். அவர் டெங்கு பார்த்தார், எலிக்காய்ச்சல் பார்த்தார், நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். எதிலும் ஒன்றும் இல்லை. அவர் மேல் குறை சொல்ல முடியாது. வேறு என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம், வேறு ஒன்றும் இல்லை என்று அண்ணன் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

வேறு ஒன்று இருந்தது. அது அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவருக்கு விதை வீங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும், தொட முடியாத வலியோடு. அவர் கால்களை அகட்டி நடந்ததை நாங்கள் இடுப்பு வலி என்று நினைத்தோம். அந்த வலியோடேயே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அண்ணியிடமிருந்து விலகி, முன் அறையில் சாக்கை விரித்துப் படுக்கத் தொடங்கியிருக்கிறார். காய்ச்சல் தொற்றிவிடும் என்று காரணம் சொல்லியிருக்கிறார்.

ஆண்களாகிய நாங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பல் வலித்தால் ஊரைக் கூட்டுவோம். இங்கே வலித்தால் வாயைக் கட்டிக்கொள்வோம்.

ஹட்டன் பஸ் நிலையம்வரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணி ஒரு பையோடு வந்து என் ஆட்டோவில் ஏறினார். ஹட்டனில் விடச் சொன்னார். இறம்பொடையில் அவருடைய அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் பேசினார்.

"ஒங்க அண்ணன் நீர்கொழும்புக்குத் திருவிழாவுக்குப் போனாரே, கூட யாரு யாரு போனாங்க தம்பி?"

தொழிற்சாலைக் கூட்டாளிகள் நாலைந்து பேர், நானும் போவதாக இருந்தேன், போகவில்லை என்றேன்.

"ரெண்டு நாள் தங்குனாங்கதானே. எங்க தங்குனாங்கன்னு கேளுங்க. நான் கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்கிறாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல், பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னார். அண்ணன் உடை மாற்றும்போது பார்த்துவிட்டாராம். வீக்கத்தைப் பார்த்தாராம். என்ன இது என்று கேட்டதற்கு அண்ணன் கோபப்பட்டு வெளியே போய்விட்டாராம்.

எங்கள் லயத்தில் பல வருடங்களுக்கு முன்பு ஒருவர் டவுனில் கெட்ட சகவாசத்தால் நோய் வாங்கிவந்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவர் பெயரை இன்றைக்கும் அந்தக் கதையோடுதான் சொல்கிறார்கள். அவர் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட அது பேசப்பட்டது. அண்ணிக்கு அந்த ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கும் வந்தது. அண்ணியின் பஸ் போன பிறகு, சவாரி கூப்பிட்டவர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் அண்ணனா? பூசைக்குத் தவறாத, சாராயம் தொடாத என் அண்ணனா?

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். நீர்கொழும்பில் எங்கே தங்கினீர்கள் என்று மட்டும். அவர் பட்டியில் கறந்துகொண்டிருந்தார். கறப்பதை நிறுத்தவில்லை.

"போயிட்டாளா?" என்றார்.

போய்விட்டார் என்றேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார்.

அடுத்த வாரத்துக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பயனில்லை. பால் வாங்க வந்தவர்களில் சிலர் வருவதை நிறுத்தினார்கள். அண்ணன் கையால் ஊற்றிய பால் அசுத்தமாம். அந்தப் பாலில் உண்மையாகவே இருந்த ஆபத்து ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஆணி அடித்ததுபோல் இருக்கிறது என்றார். அவரை ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் கண்டிக்கு அனுப்பினார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம்

அங்கேதான் அந்த டொக்டர் அம்மா மாட்டைப் பற்றிக் கேட்டார்.

அண்ணன் சொல்லத் தொடங்கினார். சீமாட்டி கன்று வீசியது, கொடி சிக்கியது, கையை விட்டு எடுத்தது எல்லாம். நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். கையுறை போட்டிருந்தாரா என்று அந்த அம்மா கேட்டார். அண்ணன் கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து, விரித்துக் காட்டினார். அந்தப் பதிலை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பச்சைப் பால் குடிப்பாரா என்றார். தினமும் என்றேன்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வார்ட்டில் அப்படி டொக்டர்கள் உட்கார்வதை நான் அதிகம் பார்த்ததில்லை. சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். மாட்டிலிருந்து மனிதனுக்கு வருகிற ஒரு கிருமி இருக்கிறது. புரூசெல்லா என்று பெயர். அது வந்த மாடு மாதம் முடியாமல் கன்று வீசும். அந்தக் கன்றிலும் கொடியிலும் பாலிலும் கிருமி இருக்கும். கையில் வெட்டு இருந்தால் அது வழியாக உள்ளே போகும், காய்ச்சாத பாலைக் குடித்தாலும் போகும். காய்ச்சல் வந்து வந்து போகும். முதுகெலும்பைப் பிடிக்கும். ஆண்களுக்குச் சிலசமயம் விதையைப் பிடிக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம், ஆனால் தனக்கு அந்தச் சந்தேகம்தான் பலமாக இருக்கிறது என்றார்.

விதையைப் பிடிக்கும் என்பதை எப்படி அண்ணனிடம் சொல்வது என்று தடுமாறினேன். இத்தனை வயதில் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லை ஒருவர் முன் ஒருவர் உச்சரித்ததில்லை.

"அண்ணே, மாட்டுலேருந்து வந்ததாம்," என்றேன். "எல்லாமே. அந்த வீக்கமும்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அப்ப இது அந்த நோவு இல்லையா?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. அவருக்கே தெரியவில்லை. நீர்கொழும்பில் தங்கிய அறையில் விரிப்பு அழுக்காக இருந்ததாம். அதில் படுத்ததால் வந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். தப்பு ஒன்றும் செய்யாமலே அந்த நோய் வந்துவிட்டது, சொன்னால் எவன் நம்புவான் என்று பயந்து மாதக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். டொக்டரிடம் போனால் அது உறுதியாகிவிடும் என்பதுதான் அவருக்குப் பெரிய பயம்.

இல்லை, அது இல்லை என்று டொக்டர் அம்மா தமிழிலேயே சொன்னார். அண்ணன் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். உள்ளே அழுதார் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

இரத்தப் பரிசோதனை வர நாளானது. வந்தபோது அதேதான்.

"வீட்டுல வேற யாரு மாட்டு வேலை செய்யிறது?" என்று டொக்டர் அம்மா கேட்டார். "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

இறம்பொடையில்

கண்டியிலிருந்து நேரே போனேன். கம்பளை, புசல்லாவை தாண்டி ஏற ஏறக் குளிர் திரும்பி வந்தது. வழியெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். நல்ல செய்திதானே கொண்டுபோகிறேன் என்று மனதில் ஒரு துள்ளல்கூட இருந்தது.

அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் அந்த லயம். பகல் நேரம். அண்ணியின் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே தள்ளினேன்.

இருட்டுக்குள் ஒரு கம்பளி மூட்டை அசைந்தது. கண் பழகியதும்தான் அது அண்ணி என்று தெரிந்தது. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். முகம் பாதியாகிவிட்டிருந்தது. கழுத்து எலும்பு துருத்தியது. நான் ஒரு அடி உள்ளே வைத்தேன். அந்த வாடை. ஈரப் புல்லைச் சாக்கில் கட்டி மறந்துபோன வாடை.

கதவை முழுதாகத் திறந்துவிட்டேன்.

"காய்ச்சலா அண்ணி?"

தலையை ஆட்டினார். எப்போதிருந்து என்று கேட்டேன். இங்கே வருவதற்கு முன்பிருந்தே என்றார். பொழுதுசாய வரும், வியர்க்கும், விடும் என்றார். இடுப்பு வலிக்கிறதா என்றேன். என் கேள்விகள் அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டொக்டர்கிட்ட போனீங்களா?"

"எதுக்குப் போக? அவரு குடுத்ததுதானே. போயி அங்க என்னான்னு சொல்லச் சொல்றீங்க?"

அண்ணன் வாங்கிவந்த கெட்ட நோய் தனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அந்த அவமானத்தை யாரிடமும் சொல்லாமல், இருட்டறையில் கிடந்திருக்கிறார். கூடப் பிறந்தவரிடம் வெறும் குளிர்க்காய்ச்சல் என்றிருக்கிறார். சாவதானால் சாகட்டும் என்று இருந்தாராம். இதை அவர் பிறகு சொன்னார், சாதாரணமாக, கொழுந்து எடை போட்ட விவரம் சொல்வதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர். ஒரே கிருமியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாய் திறக்காமல் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நான் வழியெல்லாம் கோத்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, சீமாட்டி கன்று வீசிய அன்றைக்கு வாலைப் பிடித்தீர்களே அண்ணி என்று தொடங்கி, டொக்டர் அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். வெடிப்புகள் இன்னும் ஆறாமல் கறுத்திருந்தன.

"மாடா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மாடுதானா தம்பி?"

மறுபடியும் ஆமாம் என்றேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. நான் பீலியில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தேன். அன்றைக்கே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டில் படுத்தபடியே வந்தார். வளைவுகளில் மெதுவாகத் திருப்பினேன். இந்தத் தொழிலில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதே இல்லை.

பால் ஓடிய கான்

அண்ணி பெண்கள் வார்ட்டிலும் அண்ணன் ஆண்கள் வார்ட்டிலும். இரண்டு பேருக்கும் ஒரே ஊசி, ஒரே மாத்திரை. ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்க வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார்கள். ஒரு மாத்திரை சிறுநீரைச் செங்கல் நிறமாக்கிவிடும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அண்ணன் அதையும் ஒளித்திருப்பார்.

என் இரத்தத்தையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள்.

தோட்டத்துக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஆட்களைக் கூட்டிப் பேசினார். பால் வாங்கியவர்கள் எல்லாம் கேட்டார்கள். பொங்கக் காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பயமில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் தேத்தண்ணிக்குக் காய்ச்சித்தான் ஊற்றுவார்கள். அதுதான் லயத்தைக் காப்பாற்றியது. காய்ச்சலில் கிடந்த ஒன்றிரண்டு பேரைச் சோதித்தார்கள், அவர்களுக்கு வேறு காய்ச்சல். இருந்தாலும் அன்றைக்கு ஆளாளுக்கு வீட்டிலிருந்த பாலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். லயத்தோரச் சாக்கடைக் கான் வெள்ளையாக ஓடியது. அண்ணனைப் பற்றி அதிகம் பேசிய வீட்டார் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

மாட்டு டொக்டர் நான்கு மாட்டுக்கும் இரத்தம் எடுத்தார். சீமாட்டிக்கும் இன்னொன்றுக்கும் நோய் இருந்தது. மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டேன். மாட்டுக்கு அது சரிவராது, வைத்திருந்தால் மற்றதுக்கும் பரவும் என்றார். இதற்கிடையில் ஒரு வியாபாரி மோப்பம் பிடித்து வந்து, தெரியாமல் கைமாற்றிவிடலாம் என்றான். ஆஸ்பத்திரியிலிருந்த அண்ணனிடம் போனில் சொன்னேன். அண்ணன் இவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னொரு வீட்டுக்கு இத அனுப்பவா? அவன லயத்துப் பக்கமே வர விடாத."

வெறுந்தேத்தண்ணி

அவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் அந்த இரண்டு மாட்டையும் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். சீமாட்டி வந்த அன்று இறங்கியதுபோலவே, தலையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லொறியில் ஏறியது. அண்ணன் பட்டிக்குள்ளேயே நின்றுகொண்டார். அண்ணிதான் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தார், கையில் உறையோடு.

அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். வெறுந்தேத்தண்ணி. யாருக்கும் பால் ஊற்ற மனமில்லை. அண்ணனுக்கு இடுப்பு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, பலகையில் சாய்ந்துதான் உட்காருவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இரண்டு பேரும் மாத்திரை, சாப்பாடு, மகளின் போன் இவற்றைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் அண்ணி பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அண்ணி உண்மையாகவே யோசித்தார். அவருக்காகப் பொய் சொல்லப்போகிறார், நம்பியிருப்பேன் என்று சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"நம்பியிருக்கமாட்டேன்," என்றார். "ஆனா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

அண்ணன் பலகையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். தன் கோப்பையோடு அண்ணியின் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, லயத்தில் எல்லோரும் பார்க்க, அவற்றைக் கழுவப் பீலிக்கு நடந்தார்.